பார்க்கப் போனவள்

வடமலைப்பேரியில் எலுமிச்சை மண்டி இருக்கிறது, மண்டிக்குப் பின்தெருவில் கனகமணி டாக்டரின் ஆஸ்பத்திரி இருக்கிறது, அந்த ஆஸ்பத்திரியில் பச்சைத் திரை போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள் உலகம்மாள். அவளுக்குச் சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது, அதற்கு அவள் ஒரு பதில் சொன்னாள், அந்தப் பதிலால் நடந்ததுதான் இவ்வளவும்.

கூப்பிட்டது ஒரு பெரிய ரத்தப் பரிசோதனைக் கம்பெனி. எப்பேர்ப்பட்ட கையிலும் நரம்பைக் கண்டுபிடித்துவிடுகிற பெண் ஒருத்தி தெற்கே இருக்கிறாளாம் என்று யாரோ அவர்கள் காதில் போட்டிருந்தார்கள். இங்கே வந்துவிடுகிறீர்களா, நல்ல வேலை, பெரிய மிஷின்கள், மேலே படிக்கவும் வழி உண்டு என்றார்கள். உலகுவுக்கு, அவளை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், 'வாறேன்' என்ற சொல் தொண்டைவரை வந்தது. வந்த சொல்லுக்குக் குறுக்கே அவளுடைய அப்பா ஆவுடையப்பன் வந்து நின்றார். பஸ் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியதில் முழங்கால் தேய்ந்துபோனவர், சர்க்கரைக்காரர், பெண்டாட்டி போன பிறகு மகள் கையால் மட்டுமே சாப்பிடுகிறவர். அதனால் உலகு வாறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பாத்துச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

மறு வாரம் மாடக்கண்ணு வீட்டுக்கு வந்தான். மண்டியிலிருந்து கோயம்பேட்டுக்கு எலுமிச்சை ஏற்றிப் போகும் லாரி அவனுடையது. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆவுடையப்பனிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

"மாமா, உலகு குடுத்து விட்டா. மெட்ராஸ்ல பாலத்துக்குக் கீழ பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தா. ஒங்க முட்டுவலி எப்படி இருக்குன்னு கேட்டா."

"அவ உள்ள தோச சுடுதாளே" என்றார் ஆவுடையப்பன்.

மாடக்கண்ணு எட்டிப் பார்த்தான். கையில் கரண்டியோடு உலகு நின்றுகொண்டிருந்தாள். அவன் அவளை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "ஆமா, இவளேதான். அப்ப அங்கயும் இருக்கா போல" என்று சொல்லி, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டான். பொட்டலத்தில் பனியன் இருந்தது. ஆவுடையப்பன் போட்டுப் பார்த்தார். கழுத்து இறுக்காமல், தோளில் தொங்காமல், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவர் அதைக் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு சென்னைக்குப் போய்வந்த ஒவ்வொருத்தரும் அவளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போன குடும்பம் பார்த்தது, கண் ஆப்பரேஷனுக்குப் போன ஓதுவார் பார்த்தார், மகளுக்குச் சீமந்தச் சேலை எடுக்கப் போன மண்டிக்காரர் பெண்டாட்டி பார்த்து, அவளைக் கூடவே அழைத்துக்கொண்டு கடைகடையாக ஏறியிறங்கி, நிறம் சொன்னதே உலகுதான் என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள். ஒருத்தரும் இது எப்படி என்று கேட்கவில்லை. அங்கே நமக்கென்று ஓர் ஆள் இருப்பது எவ்வளவு நல்லது என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று அவள் சொன்னாள், பரீட்சை எழுதப் போன பிள்ளைகளை ரயிலடியில் நின்று கூட்டிப் போனாள், விமானம் ஏறப் போனவன் மறந்துவிட்ட மாத்திரையை ஆட்டோவில் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதிலுக்கு மாடக்கண்ணுவின் லாரியில் எலுமிச்சை மூட்டைகளுக்கு மேலே ஊறுகாயும் கருவேப்பிலையும் காணிப் பயறும் அவளுக்குப் போய்க்கொண்டே இருந்தன.

ஊர் பேசுகிற விதமும் மாறியது. அங்க உள்ளவ, இங்க உள்ளவ என்று முதலில் சொன்னார்கள். பிறகு அங்கே உள்ளவள் உலகு என்றும், இங்கே உள்ளவள் 'இந்தப் பிள்ள' என்றும் ஆனது. கடையநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, வீட்டைப் பார்த்து, காப்பி குடித்து, காப்பி கொண்டுவந்தவளையும் நன்றாகப் பார்த்துவிட்டு, "பொண்ணு மெட்ராஸ்ல இருந்து எப்ப வரும்?" என்று கேட்டார்கள். வாக்காளர் கணக்கெடுக்க வந்த டீச்சர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபோது ஆவுடையப்பன் யோசிக்காமல் மூன்று பேர் என்றார், டீச்சரும் தலையாட்டினாள்.

தினமும் சாயங்காலம் அங்கே உள்ளவள் போன் செய்தாள். ஆவுடையப்பன் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அவளோடு பேசினார். பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினம் பார்க்கச் சொன்னாள், அவர் பார்த்தார். இதையே இங்கே உள்ளவள் சொன்னபோது ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் சிரிக்கிற சத்தம் உள்ளே கேட்டது. பேசி முடித்ததும் போனை நீட்டி, "ஒன்கிட்டப் பேசணுமாம் பிள்ள" என்பார். உலகு பாத்திரங்களை அள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுவாள். தன் குரல் தன்னைக் கூப்பிடுவதைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. பேச ஆரம்பித்தால் அவள் என்ன கேட்பாள் என்று தெரிந்திருந்தது, அதற்குப் பதில் இல்லை என்றும் தெரிந்திருந்தது.

நாள் போகப் போக உலகுவின் உடம்பு அவளிடம் பழையபடி இல்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகப் பத்து வீடு தள்ளி நடக்கிறவளுக்குக் கெண்டைக்கால் இரும்பாய்க் கனத்தது, உள்ளங்காலில் ஆணி விழுந்தது. தலையை அவிழ்த்தால் டீசல் புகை வாடை வந்தது. மதியத்தில் கண்ணசந்தால் கை தானாக மேலே போய் எதையோ பிடித்துக்கொண்டு ஆடியது, விழித்துப் பார்த்தால் விரல்கள் மூடியபடி இருந்தன. தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் அவளுக்காக ஒதுங்குவதை விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவள் ஊசியோடு பக்கத்தில் நிற்கும்போதே, "ரத்தம் எடுக்கிற பிள்ள இன்னும் வரலியா?" என்று நோயாளிகள் டாக்டரைக் கேட்டார்கள். எந்த விரல்கள் தோலுக்கு அடியில் ஓடுகிற நரம்பைத் தொட்டதும் அறியுமோ அந்த விரல்களுக்கு இப்போது தோல் மட்டுமே தட்டுப்பட்டது.

அப்போதுதான் சங்கிலிப்பாண்டி அவளைத் தேடி வந்தார்.

சங்கிலிப்பாண்டியை ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் அவரைப் பார்ப்பதில்லை. மண்டி வாசலில் காலிச் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்திருப்பார். டீக்கடைக்காரர் வழக்கமாக ஒரு டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, யாருக்கு வைத்தோம் என்று யோசித்துக்கொண்டே திரும்புவார். சில நேரம் சுமைதூக்குகிறவர்கள் மூட்டையை அவர் மடியிலேயே இறக்கிவிடுவார்கள், அவரும் ஒன்றும் சொல்லாமல் அதை நகர்த்தி வைப்பார். அவருடைய பெயரைச் சொன்னால் ஊருக்கு ஞாபகம் வருவது பம்பாயில் கடை வைத்து, கல்யாணம் செய்து, பேரப்பிள்ளை எடுத்துவிட்ட சங்கிலிப்பாண்டிதான்.

அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். "எடும்மா" என்றார். உலகு ரப்பர் பட்டையைக் கட்டி, தடவித் தடவி ஒரு நரம்பைப் பிடித்து ஊசியை ஏற்றினாள். ஊசி சரியான இடத்தில்தான் நின்றது. ரத்தம் வரவில்லை. அடுத்த கையிலும் வரவில்லை. குழாய் கழுவி வைத்த மாதிரி இருந்தது.

"வராது" என்றார் அவர். "ஒனக்குக் காட்டத்தான் வந்தேன். எங்க மாமா பம்பாய்க்குக் கூப்ட்டப்ப நானும் பாத்துச் சொல்லுதேன்னுதான் சொன்னேன். பாக்கதுக்கு ஒருத்தன் போயிட்டான்."

"நீங்க போயி அவரப் பாக்கலியா, சித்தப்பா?"

"அவன் எத்தனையோ தடவ போஸ்ட் ஆபீசுக்கு டிரங்கால் போட்டான். நான் எடுக்கல. பாத்தத சொல்லணும்னு கூப்ட்டான்னு அப்பத் தெரியல. இப்ப அவன் கூப்பிடுறதில்ல." சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "ஒன்னய இன்னும் கூப்பிடுதாளா?"

"தெனமும் கூப்பிடுதா."

"அப்ப இன்னும் மிச்சம் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வாசலில் நின்ற கம்பவுண்டர் அவர் மேல் இடித்துவிட்டு, எதில் இடித்தோம் என்று சுவரைப் பார்த்தார்.

உலகு திரையை இழுத்து மூடினாள். தன் இடது கையில் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, தனக்குத்தானே ஊசி ஏற்றினாள். குழாயில் ரத்தம் வந்தது, பாதி ஏறியது, அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் அதற்கு மேல் ஒரு சொட்டு வரவில்லை. அந்தப் பாதிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம், "நான் மெட்ராஸுக்குப் போயிட்டு வாறேன்ப்பா" என்றாள். ஆவுடையப்பன் ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து போய் ஒரு பையில் அதிரசமும், வெயிலில் காயவைத்த சுண்டவத்தலும், புதிதாக வாங்கிய ஒரு துண்டும் எடுத்து வைத்து, பையின் வாயை இறுக்கிக் கட்டினார். லாரி வந்து நின்றதும் அதை அவள் கையில் கொடுத்தார்.

"உலகுகிட்டக் குடுத்துரு" என்றார்.

அவளுக்கு அந்தச் சொல் நெஞ்சில் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை, விழுந்தது மட்டும் தெரிந்தது. "சரிப்பா" என்று ஏறி உட்கார்ந்தாள். லாரி திரும்புகிறவரை அவர் வாசலிலேயே நின்றார்.

கோயம்பேட்டில் இறங்கும்போது விடிந்திருந்தது. மாடக்கண்ணு வழி சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவளுடைய கால்கள் நடக்கத் தொடங்கியிருந்தன. இதற்கு முன் ஒருநாளும் வந்திராத ஊரில் எந்த இடத்தில் சாக்கடை மூடி ஆடும் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது, எந்தக் கடைக்கு முன்னால் நாய் படுத்திருக்கும் என்று தெரிந்திருந்தது. சூளைமேட்டில் ஒரு சந்து முனையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தலைநிமிர்ந்து, "இன்னாக்கா, பையெல்லாம் எடுத்துக்கினு எங்க போய்ட்டு வர்றே?" என்றார். உலகு நின்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஓர் ஆள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அழவில்லை. "ஊருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது.

உள்ளே நின்றவள் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகத்தோடு இல்லை. வகிடு மறுபக்கம் இருந்தது, கன்னத்து மச்சம் மறுபக்கம் இருந்தது. ஊரார் இத்தனை காலமும் பார்த்துக்கொண்டிருந்த தன் முகம் இதுதான் என்று உலகுவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் நினைத்துவந்த மாதிரி அங்கே உள்ளவள் கொழுத்துச் செழித்தும் இல்லை. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அவளும் தன் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாதிதான் வருது" என்றாள். "ஒனக்கு?"

"பாதி."

"உள்ள வா. எத்தன நாளா ஒன்ன கூப்பிடுதேன். நீ பாத்துச் சொல்லுதேன்னு சொன்ன, நான் பாக்க வந்தேன். பாத்துட்டேன். சொல்லத்தான் நீ விடமாட்டேங்க."

உலகு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். பையை நகர்த்தி வைத்தாள். "சொல்லு" என்றாள்.

காலையிலிருந்து வெயில் தாழும்வரை அங்கே உள்ளவள் சொன்னாள். வேலை தேடி ஏறியிறங்கியதையும், தெருக்கோடியில் ஒரு சின்ன லேபில் வேலை கிடைத்ததையும், முகமே நினைவில் நிற்காமல் கைகள் கைகளாக நீண்டுகொண்டே வந்ததையும் சொன்னாள். தண்ணீர் லாரி வரும்போது படிக்கட்டில் குடங்கள் உருள்கிற சத்தம், மழையில் தெருவே ஆறாகி மெத்தை ஒன்று மிதந்து போனது, எதிர்வீட்டில் தனியாக இருந்த பெரியவர் இறந்துபோனதை வாசலில் சேர்ந்த பால் பாக்கெட்டுகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள் என்பது, எல்லாம் சொன்னாள். ரெஜினா என்று ஒருத்தியோடு சாயங்கால டீ குடிக்கும்போது வயிறு வலிக்கச் சிரித்ததைச் சொன்னாள். கடற்கரையில் லட்சம் பேருக்கு நடுவில் நின்றபோது தன்னை யாருக்கும் தெரியாது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று தோன்றி, அது பயமா சந்தோஷமா என்று புரியாமல் அலை காலை நனைக்கிறவரை நின்றதைச் சொன்னாள். கம்பெனியின் பெரிய கட்டடத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்ததையும் சொன்னாள். கண்ணாடிக்குப் பின்னால் மிஷின்கள் வரிசையாக மின்னின, தன் விரல்கள் துடித்தன, ஆனால் பதில் சொல்லவேண்டியவள் ஊரில் இருக்கிறவள் என்பதால் உள்ளே போகவில்லை.

சொல்லச் சொல்ல இங்கே உள்ளவளுக்குள் பசி மாதிரி ஒன்று எழுந்தது. நல்லதும் கெட்டதுமாக எல்லாமே அவளுக்கு வேண்டும்போல் இருந்தது. சொன்னவளுக்கோ சொல்லி முடித்ததும் தோள்கள் தளர்ந்தன.

"எனக்குப் போதும்" என்றாள் அங்கே உள்ளவள். "பாக்கத்தான் வந்தேன், பாத்தாச்சு. அப்பா குரல போன்ல கேக்கும்போது அந்த வாசல்ல போய் ஒக்காந்துறலாமான்னு இருக்கும். சாயங்காலத்துல மலை நீலமா ஆவும்லா, அது கண்ணுக்குள்ளயே நிக்கி."

"எனக்குப் பத்தல" என்றாள் உலகு. அதை வாய்விட்டுச் சொன்னபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. "நான் இருக்கேன். நீ போ."

கீழே ஒரு வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா கண்டுபிடிச்சிருவாவளா?" என்று கேட்டாள் அங்கே உள்ளவள்.

"கண்டுபிடிக்க மாட்டாவ. நீதான் உலகுன்னு நெனச்சிக்கிட்டிருக்காவ." சொல்லிவிட்டுப் போனை எடுத்துக் கம்பெனியைக் கூப்பிட்டாள். மறுபக்கத்தில் இருந்த பெண், நீங்கள் பதிலே சொல்லவில்லையே என்றாள். "வாறேன்" என்றாள் உலகு.

சொன்ன நொடியில் இரண்டு பேருக்கும் முழங்கை மடிப்பில் சுரீர் என்றது. ஒருத்தி கையில் ஒருத்தி பட்டை கட்டினாள், ஒருத்தி நரம்பை ஒருத்தி தொட்டுப் பிடித்தாள். இரண்டு குழாய்களிலும் ரத்தம் அடியிலிருந்து விளிம்புவரை கறுஞ்சிவப்பாக நிறைந்தது.

இருட்டுவதற்கு முன் இருவரும் கோயம்பேட்டுக்கு நடந்தார்கள். லாரியைத் துடைத்துக்கொண்டிருந்த மாடக்கண்ணு அவர்களை மாறி மாறிப் பார்த்தான். "யாரு வாறது?" என்று மட்டும் கேட்டான். வகிடு மாறியவள் ஏறிக்கொண்டாள். நின்றவளுக்கு அவளிடம் எவ்வளவோ சொல்லவேண்டியிருந்தது. அப்பாவுக்கு ராத்திரிச் சோறு ஆகாது, இடியாப்பம் பிடிக்காது என்றாலும் சாப்பிட்டுவிடுவார், கோபம் வந்தால் பழைய பஸ் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். இதெல்லாம் அவளுக்கும் தெரியும் என்று நினைவு வந்ததும் சொல்ல எதுவும் இல்லாமல் போயிற்று.

உலகு வேலையில் சேர்ந்தாள். விரல்கள் திரும்பி வந்தன. கைகள் வந்துகொண்டே இருந்தன, அவள் ஒவ்வொரு கைக்கும் மேலே இருந்த முகத்தையும் பார்த்துவைத்தாள். ஊரிலிருந்து சாயங்காலப் போன் வரவில்லை. வடமலைப்பேரியில் எல்லாம் சரியாக இருந்தது. உலகு மெட்ராஸிலிருந்து வந்துவிட்டாள் என்று ஊர் சந்தோஷப்பட்டது, நோயாளிகள் கை நீட்டினார்கள், கடையநல்லூர்க்காரர்கள் மறுபடி காப்பி குடிக்க வந்தார்கள். இதையெல்லாம் மாடக்கண்ணு சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாள். ஒண்ணும் சொல்லல, நல்லா சாப்டுதாவ என்றான். அவள் ஆசைப்பட்டதும் அதுதான், அதைக் கேட்ட அன்று அவளால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

ஒரு மத்தியானம், ஆபீசில் சாப்பாட்டு மேசையில் டிபன் டப்பாவை வைத்துவிட்டு உட்காரும்போது போன் அடித்தது.

"உலகு" என்றார் ஆவுடையப்பன். குரலைத் தணித்துப் பேசினார். "அவ உள்ள இருக்கா. மீன்கொழம்பு வைக்கா. நல்லாத்தான் வைக்கா."

"எப்பப்பா தெரியும்?" என்றாள் உலகு.

"லாரியில இருந்து எறங்குனதும் என்னப் பாத்து அழுதா. நீ அழமாட்டல்லா."

"அவகிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லல. அவளும் நம்ம பிள்ளதான. சங்கடப்படுவா. ஒனக்கு வேல ஒத்துக்கிடுச்சா?"

"ஒத்துக்கிடுச்சிப்பா."

"அதான் கேக்கணும்னு. நெதமும் போன எடுப்பேன், அவ பக்கத்துல வந்துருவா, வச்சிருவேன்."

அப்போது தூரத்தில், அடுப்படியிலிருந்து, தன் குரல் கேட்டது உலகுவுக்கு. சாப்பிட வாங்கப்பா, யாரு போன்ல என்று கேட்டது. நாற்காலி நகர்ந்தது. போனை அவர் வைக்கவில்லை, எங்கோ ஓரமாகத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். தட்டு வைக்கிற சத்தம் வந்தது, தண்ணீர் ஊற்றுகிற சத்தம், பழைய மின்விசிறி சுற்றும்போது ஓரிடத்தில் தட்டுகிற சத்தம். உலகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு கொலுசு நெருங்கி வந்தது. யாரோ போனைக் கையில் எடுத்தார்கள்.

மறுமுனையில் யாரும் பேசவில்லை. இந்த முனையில் உலகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த முனையிலும் மூச்சு நின்றது. இருவரும் அப்படியே இருந்தார்கள், இருவரும் எல்லாம் தெரிந்துகொண்டார்கள்.

"சாப்புடு பிள்ள, சோறு ஆறுது" என்றார் ஆவுடையப்பன்.

வீட்டில் இருந்தவளிடம் சொன்னாரா, போனில் இருந்தவளுக்குக் கேட்கவேண்டும் என்று சொன்னாரா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. உலகு போனை மேசைமேல் வைத்தாள், அணைக்கவில்லை. டப்பாவின் மூடியைத் திறந்து, சோற்றைப் பிசைந்து, முதல் வாய் எடுத்து வைத்தாள்.